தொடர்பாடல் பட்டமும் கடனும்: மலையகப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

போகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் தொடர்பாடல் பட்டம் படித்து, 2019இல் வேலைக்குப் போனேன். அந்தப் படிப்புக்காக வாங்கிய கடன் 2024 கடைசியில்தான் முடிந்தது. இப்போது ஹட்டனில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பும், சில நிறுவனங்களுக்கு எழுத்து வேலையும் செய்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகளும் அம்மா அப்பாக்களும் என்னைத் தேடி வந்து கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடர்பாடல் பட்டம் என்றால் என்ன? ரேடியோவில் பேசுகிற படிப்பா?

அதுவும் உண்டு. செய்தி எழுதுவது, ஒலிபரப்பு, வீடியோ, விளம்பரம், மக்கள் தொடர்பு, நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களை நடத்துவது எல்லாம் இதற்குள் வரும். 'ஊடகக் கற்கைகள்', 'வெகுசனத் தொடர்பாடல்' என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாடப் பட்டியலை வாங்கி, எத்தனை பாடத்தில் கையால் செய்கிற வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

இதற்குக் கடன் வாங்கலாமா, கூடாதா?

யார் கேட்டாலும் நான் முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். அதைச் செய்யாமல் ஆமா, இல்லை என்று சொல்ல முடியாது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்போம். கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கடனையும் நான் பேரில்தான் அளப்பேன், ஏனென்றால் பிள்ளையால் கட்ட முடியாத தவணையைக் கடைசியில் அம்மாவின் பேர்தான் கட்டுகிறது.

என் கதையையே சொல்கிறேன். இறுதி வருடத்துக்காக 6 இலட்சம் ரூபா வங்கிக் கடன், வட்டி 14 வீதம், 60 மாதம். தவணை 13,961 ரூபா. முதல் வேலை ஒரு விளம்பர நிறுவனத்தில், சம்பளம் 28,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டினால் கையில் 25,760. போடிங் (வாடகை அறை) 8,000, சாப்பாடு 9,000, பஸ் 3,000, போன் 1,000. மிச்சம் 4,760. தவணைக்குக் குறைந்த தொகை 9,200 ரூபா.

அந்த வருடம் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700. அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் அம்மாவின் பதின்மூன்று பேர் என் கடனுக்குப் போனது. அம்மா இருபத்திரண்டு, இருபத்துமூன்று பேர் எடுத்த மாதங்களில் பாதிக்கு மேல் அதற்கே. பட்டம் வாங்கி, கோட்டும் தொப்பியுமாகப் படம் எடுத்து, அதை லயன் வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகு நடந்த கதை இது. நான் கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்து சவர்க்கார விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தபோது, மழைக்குப் படங்கு கட்டிக்கொண்டு மலையில் நின்றது அவர்தான்.

ஆகவே கணக்கு இதுதான்: எதிர்பார்க்கும் முதல் சம்பளம், அதில் 8 வீதம் கழி, தங்கிச் சாப்பிடும் செலவைக் கழி. மிஞ்சுவது தவணையைவிடக் கூட இருந்தால் கடன் வாங்கலாம். குறைந்தால், அந்தக் குறையை அம்மாவின் நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். மாதம் இரண்டு மூன்று பேர் என்றால் வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். பத்து, பதினைந்து என்று வந்தால் அந்தக் கடன் வேண்டாம். பட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு வழியில் போவோம். கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் சம்பளத்தை எவ்வளவு என்று போட்டுக் கணக்குப் பார்ப்பது?

நிறுவனங்களின் விளம்பரத் தாளில் இருக்கும் தொகையைப் போடாதீர்கள். தனியார் துறையில் சட்டப்படி மிகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் ஆனது. புதிதாக வருகிறவருக்குச் சின்ன நிறுவனங்கள் கொடுப்பது இதற்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம், அவ்வளவுதான். நான் 40,000 என்று போட்டுப் பார்க்கச் சொல்வேன். அதற்குமேல் கிடைத்தால் சந்தோஷம். உங்களுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் அதே இடத்தில் படித்த அக்கா, அண்ணா யாரையாவது பிடித்து, கையில் எவ்வளவு வருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பக்கத்தில் இதையும் வையுங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000, 2024 செப்டெம்பரில் 1350. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550 சம்பளமும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தரும் 200 ரூபாவுமாக 1750 என்று அறிவித்தார்கள். 25 பேர் எடுத்தால் 43,750. கொழும்பில் 40,000 வாங்கும் பிள்ளைக்குப் போடிங் செலவு உண்டு, தோட்டத்தில் இருப்பவருக்கு இல்லை. முதல் இரண்டு வருடம் பட்டதாரியின் கையில் அம்மாவின் கையில் இருப்பதைவிடக் குறைவாகவே நிற்கும். இதை முதலே தெரிந்துகொண்டு போகிற பிள்ளை உடைந்துபோகாது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

சில இடங்களில் 'பயிலுநர்' என்று ஆறு மாதம் பஸ் காசு மட்டும் கொடுப்பார்கள். அந்த ஆறு மாதத்தையும் கணக்கில் சேருங்கள்.

கடனே இல்லாமல் படிக்க முடியாதா?

முடியும். அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளைத் தமிழிலேயே படிக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலுக்கும் வணிகத்துக்குமாக ஒரு பீடமே இருக்கிறது. களனியில் வெகுசனத் தொடர்பாடல் துறை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகம் ஆகியவையும் உண்டு. சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளியோடு (உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழக அனுமதிக்குப் போடும் புள்ளி) உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள். அந்த அறிவித்தலைக் கவனிக்காமல் வாய்ப்பைத் தவறவிட்ட பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பக்கம் பக்கமாக வாசியுங்கள். பாடசாலையில் ஒரு பிரதி இல்லையென்றால் நகரத்துப் புத்தகக் கடையில் வாங்கலாம்.

உள்ளே போன பிறகு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000த்திலிருந்து 7,500 ஆனது. மகாபொல கிடைக்காதவர்களுக்கு இருக்கும் உதவித்தொகை 4,000த்திலிருந்து 6,500 ஆனது. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இந்தியாவில் போய்ப் படிப்பதற்கு அதே உயர்ஸ்தானிகராலயம் வழியாக நேரு நினைவுப் புலமைப்பரிசில் உண்டு. கல்விக் கட்டணத்தோடு மாதப்படியும் தருவார்கள். விண்ணப்பிக்கக் காசு செலவில்லை, சான்றிதழ்களை அடுக்கி வைக்கிற பொறுமை மட்டும் வேண்டும்.

யாழ்ப்பாணம் தூரம் என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள். புரிகிறது. ஆனால் விடுதியில் இருந்து மகாபொலவில் நான்கு வருடம் ஓட்டிய பிள்ளை கடனில்லாமல் வெளியே வருகிறது. கொழும்பில் படித்த நான் ஐந்து வருடத்துக்கு மேல் கட்டினேன்.

இசட் புள்ளி போதவில்லை. வட்டியில்லாக் கடன் என்கிறார்களே?

உயர் கல்வி அமைச்சின் திட்டம் அது. 2017இல் தொடங்கியது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து, அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட தனியார் நிறுவனங்களில் படிக்கலாம். வட்டியை அரசு ஏற்கும், வாங்கிய கடன் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். பிணையாளர்கள் தேவை.

கடன் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இதைவிட நல்ல கடன் இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 8 இலட்சத்தை வட்டியில்லாமல் 84 மாதமாகப் பிரித்தால் மாதம் 9,524. அதே 8 இலட்சத்தை 14 வீத வட்டியில் 60 மாதத்துக்கு எடுத்தால் மாதம் 18,600க்கும் மேல். 40,000 சம்பளத்தில் முதலாவது மூச்சு விட இடம் தரும், இரண்டாவது தராது.

ஆனால் வட்டி இல்லை என்பதற்காகக் கடன் இல்லை என்று ஆகிவிடாது. படிப்பை இடையில் விட்டாலும் கட்ட வேண்டும்.

ஒரு இடத்தில் 12 வீதம், வங்கியில் 14. 12 தானே இலாபம்?

எந்த வகை 12 என்று கேட்டீர்களா? இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

10 இலட்சம், 5 வருடம் என்று எடுத்துக்கொள்வோம். வங்கியில் 14 வீதம், குறைந்துகொண்டு போகும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால், தவணை 23,270 வரும். மொத்தம் சுமார் 13 இலட்சத்து 96 ஆயிரம் கட்டுவீர்கள். மற்ற இடத்தில் 12 வீதம், ஆனால் முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் ஒரே வட்டி என்றால், வட்டி மட்டும் 6 இலட்சம். தவணை 26,667, மொத்தம் 16 இலட்சம். வங்கி முறையில் பார்த்தால் அது ஏறக்குறைய 20 வீதம். 12 என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் கேட்கத் தவறினோம். "மாசத் தவணை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்டணும்" என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

வட்டி மாறாததா, மாறுவதா என்பதையும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி கூட்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்த குடும்பங்களின் தவணை அடுத்தடுத்த மாதங்களில் ஏறியது. என்னுடையது மாறாத வட்டி. அது என் கெட்டித்தனம் இல்லை, அந்தக் கிளையில் அது மட்டும்தான் இருந்தது.

தோட்டத்தில் நூற்றுக்கு மாதம் பத்து ரூபா என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு 120 வீதம். படிப்புக்கு அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

டிப்ளோமா முடித்து, கடைசி வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்கிறார்கள். நல்லதா?

'டொப்-அப்' என்பது இதுதான். நேரம் மிச்சம். இரண்டு விஷயம் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பது ஒன்று. பிறகு அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். கடைசி வருடக் கட்டணம் ரூபாவிலா, பவுணிலா என்பது மற்றது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது, பவுணும் கூடவே ஏறியது. பாதியில் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். கட்டணத்தை ரூபாவில் நிலையாக எழுதித் தராத இடம் என்றால் நான் பின்வாங்கச் சொல்வேன்.

நகையை அடகு வைக்கலாமா?

அம்மாவின் அட்டியலும் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. அடகுச் சீட்டை பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்திருந்தார். அதற்குள் என் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைத் துண்டு, மாரியம்மன் கோயில் திருநீறு. வருடத்துக்கு ஒரு தடவை வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். 2020இல் பஸ் ஓடாத மாதங்களில் தவணை தப்பியது. வளையலை மீட்டோம். அட்டியல் ஏலத்தில் போய்விட்டது. அது அம்மம்மாவுடையது.

வைக்கவே வேண்டுமென்றால் மீட்கும் திகதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பால் எழுதுங்கள், பிள்ளையின் போனிலும் போடுங்கள். பரம்பரை நகையை வைக்காதீர்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்ற சின்ன இடைவெளியை நிரப்ப அடகு சரி. மூன்று வருடப் படிப்பை அடகில் நடத்த முடியாது.

அப்பாவின் சேமலாப நிதியிலிருந்து எடுக்கலாமா?

30 வீதம் எடுக்கும் ஏற்பாடு வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான். படிப்புக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தமிழில் மட்டும் படித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கதவுகள் குறைவு. தமிழ்ப் பத்திரிகைகள், வானொலிகள், தொலைக்காட்சிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எல்லாம் கொழும்பைச் சுற்றி. ஒரு இடம் காலியானால் வரிசையில் நிற்கிறவர்கள் அதிகம்.

சம்பாத்தியத்தைக் கூட்டியது எனக்குப் பட்டம் இல்லை, சிங்களம். தோட்டத்துக்குப் பக்கத்துக் கடைத் தெருவில் சின்ன வயதில் பொறுக்கிய பேச்சுச் சிங்களத்தை, வேலைக்குப் போன பிறகு எழுத்துச் சிங்களமாக்கினேன். இரவு போடிங்கில் உட்கார்ந்து சுற்றறிக்கைகளை ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதிப் பார்ப்பேன். இரண்டாம் வருடம் ஒரு அரசசார்பற்ற நிறுவனம் மும்மொழித் துண்டுப்பிரசுரத்துக்கு ஆள் தேடியது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுகிறவர் அந்த மேசைக்கு வந்தவர்களில் நான் ஒருத்திதான். அந்த வேலைக்குப் பிறகு அம்மாவின் பேர் என் தவணைக்குப் போகவில்லை.

தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகள். எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் தமிழில் பதில் எழுத ஆள் இல்லை என்ற குறையைக் கேட்கிறோம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்துகொண்டால் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று ஊரிலேயே வேலை வரும். மலையகத்துப் பிள்ளைக்கு மூன்று மொழியும் காதில் விழுகிறது. அந்தச் சொத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆங்கிலத்துக்கு, கட்டணமில்லாத முழுநேர உயர் தேசிய டிப்ளோமா கண்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருக்கிறது. பட்டத்துக்குப் போகுமுன் அதைச் செய்துவிட்டுப் போன ஒரு தம்பி என்னைவிட வேகமாக முன்னுக்கு வந்தான்.

பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிவருமா?

வரும். இரவு ஒலிபரப்பு, நிகழ்ச்சிப் பதிவு என்று நேரம் பிந்தும். வேலைக்குச் சேரும்போதே இரவு வாகனம் தருவார்களா என்று கேட்கப் பழக்குங்கள். போடிங்குக்கு அம்மா ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். காலையில் புறப்பட்டால் பின்னேரம் கொழும்பு.

பட்டம் எடுத்துவிட்டு அரச வேலைக்குக் காத்திருந்தால்?

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ஆக்கினார்கள். நிலையான வேலை, ஓய்வூதியம் என்று எல்லோரும் ஆசைப்படுவது நியாயம். ஆனால் நியமனம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, கடன் தவணையோ அடுத்த மாதமே வரும். 2020இல் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோதும் கொடுத்தது மாதம் 20,000. விண்ணப்பியுங்கள், பரீட்சை எழுதுங்கள், கூடவே வேறு வேலையும் செய்யுங்கள்.

பட்டம் இல்லாமல் இந்தத் துறைக்கு வரவே முடியாதா?

மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தித் தோட்டத் தொழிலாளருக்காக எழுதியபோது எந்த ஊடகப் பட்டமும் கையில் இல்லை. அந்தக் காலம் வேறு என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் டிப்ளோமா நடத்துகிறது. பட்டத்தைவிடக் காலமும் செலவும் குறைவு. கமரா, எடிட்டிங் என்றால் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு தங்கச்சி, தலவாக்கலைப் பக்கம், முதலில் டிப்ளோமா எடுத்தாள். வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து, சம்பளத்திலிருந்து கட்டிப் பட்டத்தைத் தொடங்கினாள். பிந்தித்தான் முடிப்பாள். வீட்டில் யாரும் பிணைக் கையெழுத்துப் போடவில்லை. இன்று திரும்பத் தொடங்கச் சொன்னால் நான் அந்த வழியில்தான் போவேன்.

ஏற்கெனவே கடன் எடுத்தாச்சு. தவணை தப்புகிறது. என்ன செய்வது?

தப்புகிறது என்று தெரிந்த உடனே, தப்புவதற்கு முன்னமே, வங்கிக்குப் போங்கள். ஒளிந்தால் பெயர் கடன் தகவல் பணியகத்தில், நாங்கள் கிரிப் என்கிறோமே, அதில் விழும். பிணை வைத்த மாமாவுக்கும் பிரச்சினை வரும். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கொவிட் நேரத்தில் எனக்குச் சலுகைக் காலம் தந்தார்கள். அந்த மாதங்களிலும் வட்டி ஓடியது, கடன் அதனால்தான் பிந்தி முடிந்தது. நீட்டினால் மொத்தம் கூடும் என்று தெரிந்தே நீட்டுங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு நுண்கடன் எடுக்க வேண்டாம்.

உங்களிடம் வந்தால் என்ன கொண்டுவர வேண்டும்?

பெறுபேற்றுத் தாள். நிறுவனம் தந்த கட்டணப் பட்டியல், பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து. வங்கி தந்த தவணை அட்டவணை. அம்மா அல்லது அப்பாவின் கடைசி மூன்று சம்பளத் துண்டு, தீபாவளி முற்பணம் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று தெரியும்படியாக. முடிந்தால் அம்மாவையும் கூட்டி வாருங்கள், பேர் கணக்கு அவருக்குத்தான் மனப்பாடம்.